அளவு நோட்டு கணினிக்குப் போகிறது: வெப்பா, டெஸ்க்டாப்பா?

அயனாவரத்தில் எங்கள் தெரு முனையில் ஓர் அக்கா ப்ளவுஸ் தைக்கிறார். ஒரே அறை, இரண்டு மெஷின், ஆணியில் தொங்கும் ஒரு நீள நோட்டு. வாடிக்கையாளர் பெயர், போன் நம்பர், உயரம், தோள், மார்புச் சுற்று, இடுப்புச் சுற்று, கை நீளம், முன் கழுத்து, பின் கழுத்து எல்லாம் அதில்தான் இருக்கின்றன. தீபாவளிக்கு முந்தைய மாதம் அந்த நோட்டில் ஒரு பெயரைத் தேடிப் பிடிக்க ஐந்து நிமிடம் ஆகும். நடுவில் போன் அடித்துக்கொண்டே இருக்கும்: "அக்கா, என்னோடது ரெடியா?"

அவர் மகன் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறான். போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, "அண்ணா, அம்மாவோட நோட்டை கம்ப்யூட்டர்ல ஏத்தணும். அதுக்கு வெப் படிக்கணுமா, டெஸ்க்டாப் படிக்கணுமா?" என்று கேட்டான்.

புதிதாக நிரல் எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் "எந்த மொழியை முதலில் படிக்கலாம்" என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் வரும், கேட்டவர் ஆறு மாதம் வீடியோ பார்த்துக்கொண்டே இருப்பார். இந்தத் தம்பியிடம் செய்து முடிக்க வேண்டிய ஒரு வேலை இருந்தது, அதைப் பயன்படுத்தப்போகும் ஆள் யார், எங்கே உட்கார்ந்திருப்பார் என்பதும் தெரிந்திருந்தது. அப்படி இருந்தால் வெப்பா டெஸ்க்டாப்பா என்று முடிவெடுப்பது பாதி சுலபம். அவனுக்கு நான் சொன்னதையும், நாங்கள் செய்து பார்த்ததில் தெரிந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் புரிய வேண்டியது, எழுதியது எங்கே ஓடுகிறது என்பது. திரையில் "சேமி" என்று ஒரு பட்டன் இருக்கிறது என்று வையுங்கள். டெஸ்க்டாப் நிரலில் அதை அழுத்தினால், அதே நிரலின் இன்னொரு பகுதி வேலை செய்து, அதே கணினியின் ஹார்ட் டிஸ்கில் எழுதிவிடும். அவ்வளவுதான். வெப்பில் பட்டன் இருப்பது பிரவுசரில். அழுத்தியதும் தகவல் நெட் வழியாக எங்கோ இருக்கும் சர்வர் என்ற இன்னொரு கணினிக்குப் போகிறது. அங்கே இன்னொரு நிரல், பல சமயம் வேறொரு மொழியில் எழுதியது, அதை வாங்கி, தகவலை அட்டவணைகளாக வைக்கும் டேட்டாபேஸில் போட்டுவிட்டுப் பதில் அனுப்புகிறது. பிழை வந்தால் பிரவுசரிலா, வழியிலா, சர்வரிலா என்று மூன்று இடத்தில் தேட வேண்டும். தொடக்கத்தில் பலர் சோர்ந்துபோவது இந்த இடத்தில்தான் என்பது என் அனுபவம். அவர்களுக்கு நிரல் எழுத வரவில்லை என்று அதற்கு அர்த்தம் கிடையாது. எந்த வரி எந்த இயந்திரத்தில் ஓடுகிறது என்று யாரும் படம் போட்டுக் காட்டவில்லை, அதுதான் காரணம்.

பிரவுசருக்குள் ஓடும் மொழி ஜாவாஸ்கிரிப்ட். 1995-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் அதன் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் எழுதினார். பெயர் ஒத்திருந்தாலும் அது வேறு, ஜாவா வேறு. ஜாவா புத்தகம் வாங்கிவந்து வைத்துக்கொண்டு வெப் பக்கம் எழுத முயன்ற இருவரை எனக்கே தெரியும். எச்டிஎம்எல் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று சொல்கிறது, சிஎஸ்எஸ் அது எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்கிறது. இவை இரண்டும் நிரல் மொழிகளா என்ற விவாதத்தில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். வெப்புக்குப் போனால் இரண்டும் வேண்டும்.

டெஸ்க்டாப் பக்கம் முதலில் பைத்தான் என்ற மொழியைப் பார்த்தோம். விண்டோஸில் பைத்தானை நிறுவினால் சன்னல், பட்டன், பெட்டி வரைவதற்கான டிகின்டரும், எஸ்க்யூலைட் டேட்டாபேஸும் கூடவே வந்துவிடும். தனியாக எதையும் தேடி இறக்க வேண்டாம். எஸ்க்யூலைட் 2000-ல் ரிச்சர்ட் ஹிப் தொடங்கியது. மொத்த டேட்டாபேஸும் ஒரே கோப்பு, சர்வர் எதுவும் கிடையாது. நம் ஆண்ட்ராய்டு போன்களுக்குள்ளும் அதுதான் இருக்கிறது. முதல் ஞாயிறு ஒரு சன்னலும் எட்டுப் பெட்டிகளும் வந்தன. இரண்டாம் ஞாயிறு அளவுகள் கோப்பில் ஏறின. மூன்றாம் ஞாயிறு போன் நம்பரின் கடைசி நான்கு எண்ணைத் தட்டினால் அந்தப் பெண்ணின் அளவு திரையில் வந்து நின்றது. அழகாக இல்லை, பழைய அரசு அலுவலகப் படிவம் மாதிரி இருந்தது. ஆனாலும் அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வந்து பார்த்தார்.

சிக்கல் கடைக் கணினியில் வந்தது. ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது, விண்டோஸ் 7, 4 ஜிபி ரேம். பைத்தான் 3.9-ம் அதற்குப் பின் வந்தவையும் விண்டோஸ் 7-ல் ஓடாது, 3.8 தான் கடைசி. வெப்புக்குப் போனால் இது தீருமா என்றால் அங்கேயும் இதே கதைதான்: விண்டோஸ் 7-க்கு குரோம் 109-வது பதிப்போடு நின்றுவிட்டது. வீட்டில் உள்ள புது லேப்டாப்பில் எழுதி முடித்துவிட்டுக் கடைக்குப் போய் முழிப்பதைவிட, ஓடப்போகும் கணினியில் என்ன இருக்கிறது என்று முதல் நாளே பார்த்துவிடுவது நல்லது.

இந்த இடத்தில் மைக்ரோசாஃப்டின் சி ஷார்ப் மொழியும், அதில் சன்னல் வரையும் வின்ஃபார்ம்ஸும் பலமாக நிற்கின்றன. சி ஷார்ப் நிரல் ஓடத் தேவையான டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8-ஐக் கொண்டு எழுதினால் சர்வீஸ் பேக் 1 போட்ட விண்டோஸ் 7-லும் ஓடும், விண்டோஸ் 11-லும் ஓடும். பட்டனை மவுஸால் இழுத்து ஃபார்மில் போட்டால் போதும், இடம் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நான் படித்த காலத்தில் வடபழனியிலும் தி.நகரிலும் பயிற்சி மையங்களில் விஷுவல் பேசிக் 6 சொல்லித் தருவார்கள், அந்த முறையின் நேர் வாரிசு இது. விஷுவல் பேசிக் 6 வெளிவந்தது 1998-ல். அதில் எழுதிய பில்லிங் நிரல்கள் பல கடைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. விண்டோஸில் ஒருமுறை ஒழுங்காக ஓடிய நிரல் பல வருஷம் கை வைக்காமலே ஓடும் என்பது டெஸ்க்டாப்பின் பெரிய பலம், அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

குறையும் உண்டு. சி ஷார்ப் எழுதப் பயன்படும் விஷுவல் ஸ்டூடியோவின் கம்யூனிட்டி பதிப்பு படிக்கிறவர்களுக்கு இலவசம்தான், ஆனால் டிஸ்கில் பல ஜிபி பிடிக்கும், 4 ஜிபி ரேமில் திறப்பதற்குள் பொறுமை போய்விடும். அப்புறம், வின்ஃபார்ம்ஸ் விண்டோஸை விட்டு வெளியே வராது.

இரண்டில் எது என்று என்னைக் கேட்டால்: தராசு, எடைமேடை, பார்கோடு, பில் பிரிண்டர் என்று கருவிகளோடு பேச வேண்டிய விண்டோஸ் நிரலுக்கு சி ஷார்ப். அம்பத்தூர், கிண்டித் தொழிற்பேட்டைப் பக்கம் வேலை தேடுகிறவருக்கு அது கைகொடுக்கும். பிற்பாடு வெப் பக்கமோ டேட்டா பக்கமோ போகலாம் என்று மனதில் இருந்தால் பைத்தான். தம்பி பைத்தானை எடுத்தான். 3.8-ஐக் கடைக் கணினியிலேயே நிறுவி, நிரலை நேராக ஓட்டினோம். பைஇன்ஸ்டாலர் போட்டு ஒரே இஎக்ஸ்இ கோப்பாகவும் கொடுக்கலாம். ஆனால் கையொப்பச் சான்றிதழ் இல்லாத அப்படிப்பட்ட கோப்பை நெட்டிலிருந்து இறக்கினால், புது விண்டோஸ் ஒரு நீலப் பெட்டி போட்டு எச்சரிக்கும், சில ஆன்ட்டிவைரஸ் அதை வைரஸ் என்றே சொல்லித் தூக்கிவிடும். ஊருக்கெல்லாம் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் இது பெரிய தலைவலி. ஒரே கடைக்கு என்றால் பொருட்டில்லை.

சரி, வெப்.

வெப்பில் முதல் மணி நேரம் தரும் சந்தோஷத்தை டெஸ்க்டாப்பால் தர முடியாது. நோட்பேடில் நாலு வரி எழுதி, சேமித்து, பிரவுசரில் திறந்தால் முடிந்தது. எதையும் நிறுவ வேண்டாம். வெப் பக்கங்களை இலவசமாக வைத்துக்கொள்ள இடம் தரும் கிட்ஹப் பேஜஸில் ஏற்றினால் காசில்லாமல் ஒரு முகவரி கிடைக்கும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மாம்பலத்தில் இருக்கும் சித்தி தன் போனில் பார்த்துவிட்டு போன் பண்ணுவார். சீக்கிரம் மனம் தளர்கிற ஆளுக்கு இந்த உற்சாகம் முக்கியம். பள்ளிப் பிள்ளைகள் கேட்டால் யோசிக்காமல் இதில்தான் தொடங்கச் சொல்வேன்.

தமிழுக்கும் பிரவுசர் நல்ல இடம். கொம்பும் காலும் சரியான இடத்தில் உட்காரும், எழுத்துரு தேட வேண்டாம். பெயர்களை வரிசைப்படுத்துவதில் வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும். யூனிகோடில் "ன" என்ற எழுத்து "ந"-வுக்கு அடுத்த எண்ணில் இருக்கிறது. எஸ்க்யூலைட் அந்த எண்ணை வைத்தே அடுக்குவதால் மனோகரியை மல்லிகாவுக்கு முன்னால் வைக்கும். நம் அகராதி வரிசையில் மல்லிகாதான் முதலில். ஜாவாஸ்கிரிப்ட்டில் தமிழ் வரிசை என்று சொல்லி அடுக்கச் சொன்னால் சரியாக அடுக்கிவிடுகிறது, பைத்தானில் அதற்குத் தனியாக ஏதாவது செய்தாக வேண்டும். எழுத்து எண்ணுவதில் மட்டும் இரண்டும் ஒன்றுதான்: "தமிழ்" என்ற சொல்லுக்கு நீளம் கேட்டால் பைத்தானும் 5 என்கிறது, ஜாவாஸ்கிரிப்ட்டும் 5 என்கிறது. நமக்கு மூன்று எழுத்து. இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுவதால் வரும் கணக்கு இது. பெயருக்கு இத்தனை எழுத்துதான் என்று எல்லை வைக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பாதிப் பெயர் வெட்டுப்பட்டுப் போகும்.

வெப்பில் கஷ்டம் தொடங்குவது "சேமி" பட்டனில். சர்வர் இல்லாமலே பிரவுசருக்குள் கொஞ்சம் சேமிக்க முடியும், லோக்கல் ஸ்டோரேஜ் என்பார்கள், ஏறக்குறைய 5 எம்பி. அளவு நோட்டுக்கு அது தாராளம். தம்பியும் டெஸ்க்டாப்புக்கு வருமுன் அதில்தான் முதலில் செய்து பார்த்தான், நாற்பது பேர் அளவை ஏற்றினான். ஒரு வாரம் கழித்து வீட்டில் யாரோ பிரவுசரில் ஹிஸ்டரியோடு சேர்த்து எல்லாத் தரவையும் அழிக்கச் சொல்லிவிட்டார்கள். நாற்பதும் போயிற்று. நோட்டு இருந்ததால் தப்பித்தோம். அந்த இடம் பிரவுசருக்குச் சொந்தம், நம் பெட்டி இல்லை.

அப்படியானால் சர்வர் வேண்டும். அதில் ஓடும் நிரலை எழுத, பைத்தானில் ஃபிளாஸ்க் அல்லது ஜாங்கோ என்ற கருவித்தொகுப்பு, இல்லையென்றால் பிஎச்பி மொழி. எதை எடுத்தாலும் டேட்டாபேஸ், லாகின், ஹோஸ்டிங் வாடகை, டொமைன் என்று வரிசையாக வரும். இவையெல்லாம் கற்றுக்கொள்ளக் கூடியவை. ஒவ்வொன்றாகப் படித்தால் ஒரு வருஷத்தில் கைக்கு வரும். என் கவலை வேறு.

அக்காவின் நோட்டில் இருப்பது என்ன? இருநூறு பெண்களின் பெயர், போன் நம்பர், உடம்பின் அளவு. கடைக்குள் அக்காவை நம்பிக் கொடுத்தது. அதைக் கற்றுக்குட்டி எழுதிய நிரலில் இணையத்தில் ஏற்றினால் என்ன ஆகும் என்று நான் தம்பியை உட்காரவைத்துச் சொன்னேன். முகவரிப் பட்டையில் வாடிக்கையாளர் எண் 57 என்று இருக்கும். அதை யாராவது 58 என்று மாற்றித் தட்டுவார். கேட்பவர் யார் என்று சர்வர் சரிபார்க்காவிட்டால் அடுத்த பெண்ணின் விவரம் திரையில் வந்துவிடும். இதற்குப் பெரிய திறமை எதுவும் வேண்டாம், ஓர் எண்ணை மாற்றினால் போதும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதிய பக்கம் ஒன்றில் இதே ஓட்டை இருந்தது. வெளியே போவதற்கு முன்னால் குழுவில் மூத்தவர் ஒருவர் பார்த்து நிறுத்தினார். அன்று இரவு தூக்கம் வரவில்லை, இன்னும் மறக்கவில்லை.

இன்னொன்று தேடும் பெட்டி. தட்டிய எழுத்தை அப்படியே எஸ்க்யூஎல் (டேட்டாபேஸிடம் கேட்கும் மொழி) வாக்கியத்தோடு ஒட்டினால், ஒருவர் ஒற்றை மேற்கோள் குறியோடு சில வார்த்தைகள் சேர்த்துத் தட்டி மொத்தப் பட்டியலையும் இழுத்துவிடலாம். ஒட்டாமல், கேள்விக்குறி வைத்து மதிப்பைத் தனியாகக் கொடுக்க வேண்டும். பைத்தானும் எஸ்க்யூலைட்டும் வைத்து டெஸ்க்டாப்பில் எழுதும்போதே இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்துவிடலாம். வெளியார் யாரும் தொடாத இடத்தில் தவறு செய்து, திருத்தி, கை பழகிய பிறகு வெப்புக்குப் போவது பிறருக்கு நாம் செய்யும் மரியாதை. அந்தரங்கத் தகவலைக் காப்பதற்கு 2023-ல் இந்தியாவில் தனிச் சட்டமே வந்துவிட்டது. சட்டத்தை விடுங்கள், பக்கத்துத் தெருப் பெண்கள் அக்காவிடம் அளவு கொடுக்கத் தயங்கும் நிலை ஒருநாளும் வரக் கூடாது.

ஆகவே அடுத்தவர் தகவலை வைத்துத் தொடங்குகிறவருக்கு என் பதில் உறுதியானது: முதல் நிரல் இணையத்துக்கு வெளியே இருக்கட்டும்.

இரண்டுக்கும் நடுவே வழிகள் உண்டு. எலக்ட்ரான் என்று ஒன்று இருக்கிறது, வெப் மொழிகளில் எழுதியதை ஒரு முழுப் பிரவுசரோடு சேர்த்துக் கட்டி டெஸ்க்டாப் நிரலாக்கிவிடும். நிரல் எழுதப் பயன்படும் விஎஸ் கோட் அப்படிச் செய்ததுதான். சின்ன நிரல்கூட 100 எம்பியைத் தாண்டும். 4 ஜிபி கடைக் கணினிக்கு நான் சொல்ல மாட்டேன்.

எனக்குப் பிடித்தது மற்ற வழி: ஃபிளாஸ்க்கைக் கடைக் கணினியிலேயே ஓட்டி, அதே கணினியின் பிரவுசரில் திறப்பது. சர்வரும் பிரவுசரும் ஒரே மேசையில் இருக்கும். வெப் எப்படி வேலை செய்கிறது என்பது முழுதாகப் புரியும், தகவல் கடையை விட்டுப் போகாது. கடை வைஃபையில் இருக்கும் போனிலும் திறக்க வைக்கலாம், வைஃபை கடவுச்சொல்லைக் கேட்பவருக்கெல்லாம் கொடுக்காமல் இருந்தால். வெப்தான் வேண்டும் என்று மனம் வைத்துவிட்டவர்களுக்கு இது நல்ல முதல் படி.

அச்சிடுவதைப் பற்றி ஒரு சொல். சின்ன பில் பிரிண்டர்களுக்குள் தமிழ் எழுத்து பெரும்பாலும் இருக்காது. நேரடிக் கட்டளையில் அனுப்பினால் குப்பையாக அச்சாகும், தமிழைப் படமாக மாற்றி அனுப்ப வேண்டும். பிரவுசரிலிருந்தோ விண்டோஸ் டிரைவர் வழியாகவோ அச்சிட்டால் அந்தக் கவலை இல்லை. ஆனால் பிரவுசர் ஒவ்வொரு முறையும் ஒரு பெட்டி போட்டு "அச்சிடவா" என்று கேட்கும், கூட்ட நேரத்தில் அது எரிச்சல்.

மழையைப் பற்றியும் யோசித்துத்தான் ஆக வேண்டும், இது சென்னை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது பல இடங்களில் நாள் கணக்கில் கரண்டும் இல்லை, போன் சிக்னலும் இல்லை. நெட்டை நம்பிய எந்த நிரலும் அந்த நாட்களில் திறக்காது. டெஸ்க்டாப் நிரல் இன்வெர்ட்டர் இருக்கும்வரை ஓடும். அதே வெள்ளத்தில் வேளச்சேரியில் ஒரு நண்பர் வீட்டுத் தரைத்தளத்தில் இருந்த கணினி முழுகியது, அதிலிருந்த கணக்கெல்லாம் போயிற்று. சர்வரில் இருந்திருந்தால் ஒரு வரிகூடப் போயிருக்காது. டெஸ்க்டாப்பை எடுக்கிறவர்கள் நகல் எடுக்கும் வேலையை நிரலுக்குள்ளேயே எழுதிவிடுங்கள். எஸ்க்யூலைட் ஒரே கோப்பு என்பதால், நிரலை மூடும்போது அதைத் தேதியிட்டுப் பென் டிரைவுக்கு நகலெடுக்கச் சில வரிகள் போதும். பென் டிரைவ் இரவு அக்காவோடு முதல் மாடிக்குப் போகிறது.

வேலைவாய்ப்பைக் கேட்பவர்களுக்கு: ஐடி நிறுவனங்கள் நிறைந்த ஓஎம்ஆர் சாலைப் பக்கம் வேலைகள் பெரும்பாலும் வெப்பும் மொபைலும்தான். சென்னையில் வளர்ந்து உலகம் முழுக்க விற்கும் ஜோஹோ, ஃபிரெஷ்வொர்க்ஸ் இரண்டின் சரக்கும் பெரும்பாலும் பிரவுசரில் திறப்பவை. வேலைக்காக மட்டும் படிக்கிறீர்கள், கையில் குறிப்பிட்ட வேலை எதுவும் இல்லை என்றால் வெப்பில் தொடங்குங்கள். உங்களைப் பற்றிய பக்கம், ஊர் பஸ் நேரம், பாட்டி சொன்ன சமையல் குறிப்பு என்று யாருடைய அந்தரங்கமும் இல்லாத ஒன்றைச் செய்யுங்கள். டெஸ்க்டாப்பில் படித்த எஸ்க்யூஎல், மாறிகள், சுழற்சி, பிழை தேடும் பொறுமை எல்லாம் வெப்புக்கு அப்படியே கூட வரும், எதுவும் வீணாகாது.

தம்பியின் அளவு நோட்டு இப்போது டிகின்டரில் ஓடுகிறது. ஆனால் "ரெடியா?" என்ற போன்கள் நிற்கவில்லை. அந்தக் கேள்வி கேட்பவர் தன் வீட்டில், கையில் போனோடு இருக்கிறார். அவருக்கு வேண்டியது வெப்தான். அதனால் இரண்டாவதாக ஒரே ஒரு பக்கம் எழுதினான். பில் நம்பரைத் தட்டினால் "வெட்டியாச்சு", "தையலில்", "ரெடி" என்று மூன்றில் ஒன்று வரும். பெயரும் கிடையாது, போன் நம்பரும் அளவும் கிடையாது. டெஸ்க்டாப் நிரல் தினமும் மாலை பில் நம்பரையும் நிலையையும் மட்டும் ஒரு சின்னக் கோப்பாக எழுதித் தரும், அவன் அதைத் தன் லேப்டாப்பிலிருந்து கிட்ஹப்பில் ஏற்றுவான். சர்வரும் இல்லை, வாடகையும் இல்லை.

போன வாரம் அக்கா புதிதாக ஒன்று கேட்டிருக்கிறார்: அட்வான்ஸ் எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று தெரிய வேண்டுமாம். அது எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தம்பி இந்த முறை என்னைக் கேட்கவில்லை. கடைக் கணினியில் இன்னொரு அட்டவணை போட்டுவிட்டுத்தான் வந்து காட்டினான்.